கொல்லிமலைக்கு வழி எது?

உங்கள் வீட்டு மோட்டார் வண்டியில் மொத்தம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

எங்கள் வண்டி ஏழு பேர் உட்காரும் வண்டி. சென்ற ஆவணி மாதம் நாங்கள் சென்னையிலிருந்து கொல்லிமலைக்குப் புறப்பட்டபோது வண்டியில் ஏழு பேர்தான் இருந்தோம். என் கணவர், நான், எங்கள் பையன், என் மாமியார், நாத்தனார், நாத்தனாரின் கணவர், அவர்களுடைய எட்டு வயதுப் பெண். ஆனால் பேசியவர்கள் ஒன்பது பேர்! டிக்கெட் வாங்காமல், இட்லிப் பொட்டலத்தில் பங்கு கேட்காமல், கால் நீட்ட இடம் கேட்காமல் இரண்டு மங்கையர் எங்களோடு வந்தார்கள். ஒருத்தி வண்டியின் முன்பலகையில் பதித்த கண்ணாடித் திரைக்குள் வாசம் செய்கிறவள். வண்டி வாங்கும்போதே கூட வந்தவள். அவளைச் சீதனம் என்றே சொல்லலாம். இன்னொருத்தி நாத்தனார் கணவரின் கைபேசியில் குடியிருப்பவள். இருவருக்கும் தொழில் ஒன்றுதான்: வழி சொல்வது. ஒரே தொழில் செய்கிற இருவர் ஒரே வண்டியில் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்பாள் ஒருத்தி. "நேராகச் செல்லவும்" என்பாள் மற்றவள். முதலாமவள் இங்கிலீஷ் மட்டும் அறிந்தவள். உளுந்தூர்பேட்டை அவள் வாயில் பட்ட பாட்டைக் கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் கண்ணீர் விடுவார்கள். இரண்டாமவள் தமிழே பேசினாள். ஆனால் அது வானொலியில் செய்தி வாசிக்கிற தமிழ். என் மாமியார் முதலில் பயந்துவிட்டார்கள். "யாருடி அது, இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள்? நம் வீட்டு மனுஷியாகத் தெரியவில்லையே!" என்று கேட்டார்கள்.

இந்தக் குரல்களெல்லாம் ஏன் பெரும்பாலும் பெண் குரலாகவே இருக்கின்றன என்று நீங்கள் யோசித்திருக்கலாம். ஆரம்ப நாட்களில் பல நாட்டு மோட்டார்களில் வழி சொன்ன குரல் கேரன் ஜேக்கப்ஸன் என்ற ஆஸ்திரேலியப் பாடகியினுடையது. 2002-இல் ஓர் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வாக்கியத் துண்டுகளை அந்த அம்மாள் பேசிக் கொடுத்தாராம். ஜெர்மனியில் வேறு விதமான கதை. அங்கே ஒரு மோட்டார்க் கம்பெனி பெண் குரலை வைத்ததும், "ஒரு பெண் சொல்லி நான் வண்டியைத் திருப்புவதா?" என்று ஆண்கள் ஆட்சேபித்ததாகவும், கடைசியில் கம்பெனி குரலை மாற்றியதாகவும் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் கிளிஃபோர்டு நாஸ் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நம் ஊரில் பின் சீட்டிலிருந்து மனைவி சொன்னால் காதில் விழாத வழி, முன்பலகையிலிருந்து முகம் தெரியாத மங்கை சொன்னால் உடனே விழுகிறதே, அதற்கு என்ன சொல்வது?

போகட்டும், பிரயாணத்தைத் தொடங்குவோம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. ரஸ்தாவில் பரங்கிமலையைத் தாண்டினோம். வழி, வரைபடம் என்ற பேச்சை எடுத்தால் இந்த மலைக்கு ஒரு கும்பிடு போடாமல் போகக் கூடாது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் இங்கேதான் சங்கிலி போட்டுத் தரையை அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரே கோட்டை ஆதாரமாக வைத்து, முக்கோணம் முக்கோணமாகப் பாரத தேசம் முழுவதையும் இமயம் வரை அளந்தார்கள். கோணம் பார்க்க அவர் வைத்திருந்த கருவியின் எடை அரை டன்! 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது, அது சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனிதர் மனம் தளரவில்லை. பல வாரங்கள் உட்கார்ந்து தம் கையாலேயே தட்டி நிமிர்த்திச் சரி செய்துவிட்டார். இன்று அதே வேலையை உள்ளங்கையில் அடங்கும் கைபேசி செய்கிறது. நாத்தனார் பெண் அதை இட்லி மேல் போட்டு எடுத்தபோதும் அது வழி சொல்வதை நிறுத்தவில்லை.

வண்டலூர் தாண்டியதும் முதல் சண்டை வந்தது. கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்களே, அதன் அருகே வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கைபேசி மங்கை ஒரு மைலுக்கு முன்னதாகவே, "முன்னே நெரிசல் இருக்கிறது, எட்டு நிமிஷம் தாமதமாகும்" என்று சொல்லித் திரையில் ரஸ்தாவைச் சிவப்பாக்கிக் காட்டினாள். வண்டி மங்கையோ ஒன்றும் அறியாதவளாக இருந்தாள். அவள் திரையில் அந்த இடத்தில் பஸ் நிலையமே இல்லை! வெறும் பொட்டல்.

"பார்த்தீர்களா மச்சான்! உங்கள் வண்டிக்காரிக்குக் கிளாம்பாக்கமே தெரியவில்லை" என்றார் நாத்தனார் கணவர்.

"அவளுக்கு அவசரம் கிடையாது, மாப்பிள்ளை. நிதானமான பெண்" என்றார் என் கணவர்.

விஷயம் நிதானத்தைப் பற்றியதே அல்ல. எங்கள் வண்டியின் வரைபடம் வண்டி வாங்கிய அன்றைய வரைபடம். போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷம் முகூர்த்தம் பார்க்க முடியுமா? புதுப்பிக்கலாம் என்றுதான் சொன்னார்கள். வண்டி விற்ற இடத்தில் போய் விசாரித்தோம். அதற்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு என் கணவர் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். சில வண்டிகளில் இப்போது வீட்டு வாசலில் நிற்கும்போதே வரைபடம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது என்கிறார்கள். எங்கள் வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ரஸ்தாவில் நெரிசல் இருப்பது கைபேசிக்கு எப்படித் தெரிகிறது? ரொம்ப சுலபம். முன்னே போகிற ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கைபேசி இருக்கிறதல்லவா? அவையெல்லாம் தாம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறோம் என்று ஓசைப்படாமல் தலைமை நிலையத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நூறு கைபேசிகள் ஆமை வேகத்தில் நகர்ந்தால் அங்கே நெரிசல் என்று யந்திரம் முடிவு கட்டிவிடுகிறது. தண்ணீர் லாரியைச் சுற்றிக் குடங்கள் நிற்பதை மாடியிலிருந்து பார்த்தே, "இப்போது போனால் கிடைக்காது" என்று சொல்லுவோமே, அது போலத்தான். 2020-இல் ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு குறும்பு செய்தார். சின்னத் தள்ளுவண்டியில் 99 கைபேசிகளைப் போட்டு, ஆளில்லாத வீதியில் மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான்! கூகிள் வரைபடத்தில் அந்த வீதி சிவந்துவிட்டது. காலியான வீதியில் கடும் நெரிசல்!

இந்தக் கதையை என் நாத்தனார் தன் கணவரிடம் சொன்னபோது, அவர் அன்று முழுவதும் அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உளுந்தூர்பேட்டையில் திருச்சி ரஸ்தாவை விட்டுச் சேலம் ரஸ்தாவில் திரும்பினோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல் என்று ஊர்கள் வந்து போயின. இடையே சாப்பாட்டுக்கு நின்றோம், டயரில் ஆணி குத்தியதால் நின்றோம், குழந்தைக்கு வயிற்றைப் புரட்டியதால் நின்றோம். தலைவாசலைத் தாண்டியதிலிருந்து ரஸ்தாவின் இருபுறமும் மரவள்ளித் தோட்டங்கள். நீங்கள் வடாம் இடுகிற ஜவ்வரிசியெல்லாம் இந்தப் பக்கத்து மண்ணில் விளைந்த கிழங்கிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. ஆலைகளின் முன்னே களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு காய்ந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானமே மேகம் கூடியிருந்ததால் பெண்கள் ஓடி ஓடி அதை வாரிக்கொண்டிருந்தார்கள்.

மேகத்தைப் பார்த்த பிறகு எங்களுக்கும் கொஞ்சம் கவலை வந்தது. ஆத்தூருக்கு வந்து சேரும்போதே மணி நாலரை. மலைக்கு இன்னும் தூரம் இருந்தது. அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. குழந்தைக்கு வளைவு என்றால் ஆகாது.

இந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு மங்கையரும் ஜன்மப் பகை பாராட்டத் தொடங்கினார்கள்.

கொல்லிமலைக்குப் பெயர் பெற்ற பாதை காரவள்ளி வழியாகப் போவது. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 'இத்தனையாவது' என்று எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இது அல்லாமல் முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்தும் மலை ஏறுவதற்கு இன்னொரு பாதை உண்டு. அது பிற்பாடு வந்தது. எங்கள் வண்டி மங்கைக்குக் காரவள்ளி ஒன்றுதான் தெரியும். மல்லியகரை, ராசிபுரம், பேளுக்குறிச்சி, காரவள்ளி என்று பாட்டி காலத்துப் பத்தினி போல அதையே பிடித்துக்கொண்டாள். கைபேசி மங்கையோ, "தம்மம்பட்டி ரஸ்தாவில் போய் முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுங்கள், அதுதான் சீக்கிரம்" என்றாள்.

"நாற்பது நிமிஷம் மிச்சம், மச்சான்!" என்றார் நாத்தனார் கணவர்.

"தெரியாத மலைப்பாதை, மாப்பிள்ளை!" என்றார் என் கணவர்.

இந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உங்களிடம் ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். இதை வெறும் வேடிக்கையாக எழுதிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உத்தரப் பிரதேசத்தில் பரேலி ஜில்லாவில் ஒரு மோட்டாரில் போன மூன்று பேர் ராமகங்கை ஆற்றின் பாலத்தில் ஏறினார்கள். வெள்ளத்தில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே அடித்துக்கொண்டு போயிருந்தது. குறுக்கே தடுப்புச் சுவர் இல்லை. கைபேசியின் வரைபடமோ அங்கே பாலம் முழுசாக இருப்பதாகவே காட்டியது என்று செய்திகள் கூறின. வண்டி ஆற்றில் விழுந்து மூவரும் மாண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 அக்டோபர் முதல் தேதி நள்ளிரவுக்கு மேல், கேரளத்தில் கொச்சிக்கு அருகே கொட்டுகிற மழையில் இளம் டாக்டர்கள் இருவர் போன வண்டி, வரைபடம் சொன்ன வழியில் போய்ப் பெரியாற்றுக்குள் இறங்கிவிட்டதாகப் போலீஸார் சொன்னார்கள். இருவருமே பிழைக்கவில்லை. நம் கூடலூரில் 2024 ஜனவரியில் ஒரு வண்டி வரைபடத்தை நம்பிப் போய்ப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அங்கே நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை; ஊரே கூடித் தூக்கிவிட்டது.

பாலத்துக்குத் தடுப்பு வைக்காதவர்களின் குற்றம் பெரிதா, வரைபடம் போட்டவர்களின் குற்றம் பெரிதா என்று வழக்கு நடத்துவது வேறு விஷயம். யந்திரத்துக்குத் தெரிந்தது இரண்டுதான்: தூரம், நேரம். இருட்டு அதற்குத் தெரியாது. மழை பெய்த மண்ணின் வழுக்கல் தெரியாது. பின் சீட்டில் எழுபத்திரண்டு வயது அம்மாள் ஒருவர் மடியில் பேத்தியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியாது.

வண்டிக்குள் பதித்த யந்திரமானால் இந்த அபாயம் இல்லையா என்று கேட்பீர்கள். அதற்கும் உண்டு. பழைய வரைபடத்தில் ஒரு வழிப் பாதையாக மாறாத தெரு இன்று ஒரு வழிப் பாதையாக மாறியிருக்கும். ஆனால் அதனிடம் சில நல்ல குணங்கள் இருக்கின்றன. அவை கைபேசிக்கு வாய்ப்பதில்லை. அதைச் சொல்லுவதற்கு, இடம் கண்டுபிடிக்கும் வித்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், கணக்கு வராது.

நமக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கர்களின் ஜி.பி.எஸ். விண்கலங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும், "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், மணி இவ்வளவு" என்று ஓயாமல் கூவிக்கொண்டிருக்கிறது. நான்கு விண்கலங்களின் கூவல் காதில் விழுந்தால் போதும், எந்தக் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துக் கருவி தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் அமெரிக்க ராணுவம் பொதுஜனங்களுக்கு வரும் கூவலில் வேண்டுமென்றே பிசகு கலந்து வைத்திருந்தது. ஏறக்குறைய நூறு மீட்டர் வரை தவறு வரும். அடுத்த தெருவைக் காட்டுகிற யந்திரத்தை யார் வாங்குவார்கள்? அந்தப் பிசகை எடுத்த பிறகுதான் இந்த வியாபாரம் தழைத்தது. நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. 2013 ஜூலை முதல் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் வழிகாட்டி விண்கலத்தை ஏவினார்கள். அந்த ஏற்பாட்டுக்குத்தான் பின்னால் 'நாவிக்' என்று பெயர் வைத்தார்கள்.

பலரும் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. விண்கலத்தின் கூவலுக்கும் டெலிபோன் கம்பெனியின் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை. மலை உச்சியில் 'சிக்னல் போய்விட்டது' என்று கையை உதறுகிறோமே, அப்போதும் கைபேசிக்குத் தான் இருக்கும் இடம் தெரியும். தெரியாமல் போவது வரைபடம். ஏனென்றால் படத்தை அது அவ்வப்போது கம்பியில்லாத் தந்தி மூலம் வரவழைத்துக்கொள்கிறது. கடைக்கு ஆள் அனுப்பிக் கால்படி கால்படியாக அரிசி வாங்குகிற குடித்தனம் அது. வண்டியில் பதித்த யந்திரமோ மூட்டையாக வாங்கிக் குதிரில் கொட்டி வைத்திருக்கும் குடித்தனம். அரிசி பழசாக இருக்கலாம். ஆனால் மழை நாளில் அடுப்பு எரியும்.

அதோடு, வண்டி மங்கைக்கு வண்டிச் சக்கரத்தோடு உறவு உண்டு. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று அவளுக்குத் தெரியும். சுரங்கப் பாதைக்குள் நுழைந்து வானமே மறைந்தாலும், விளக்கு அணைந்த வீட்டில் நாம் சமையலறையிலிருந்து ஆறு அடி நடந்து கையை நீட்டினால் தீப்பெட்டி அகப்படும் என்று தெரிந்து நடக்கிறோமே, அப்படி நடப்பாள். பார்க்கப் போனால் இந்த வித்தைதான் மூத்தது. 1981-இல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனியார் விண்கலத்தின் உதவியே இல்லாமல், கண்ணாடித் தாளில் அச்சடித்த வரைபடத்தோடு வழிகாட்டி ஒன்றை மோட்டாரில் வைத்தார்கள். 1985-இல் கலிபோர்னியாவில் 'ஈடாக்' என்ற கருவி வந்தது. அதற்கு வரைபடம் காஸெட் நாடாவில்! பாட்டுக் கேட்கிற காஸெட் மாதிரி ஊருக்கு ஊர் மாற்றிப் போட வேண்டும். விண்கலத்தைப் பார்த்து வழி சொல்லும் யந்திரத்தை வண்டியிலேயே பதித்து விற்றது 1990-இல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி.

நம் நாட்டு வண்டிகளில் பதித்து வரும் வரைபடங்கள் பலவும் 'மேப்மைஇந்தியா' என்ற டில்லிக் கம்பெனியின் கைவேலை. 1990-களில் அமெரிக்காவில் பார்த்த உத்தியோகத்தை விட்டுத் தாயகம் திரும்பிய ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதியர் தொடங்கியது அது. நம் தெருக்களை அளந்து படம் போட்ட காரியத்தில் ஒரு பெண்மணிக்கும் சரிபாதி பங்கு இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஆத்தூரில் விட்டுவிட்டு வந்தேனே, அங்கே போவோம். மச்சானும் மாப்பிள்ளையும் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நானும் அத்தையும் இறங்கி எதிரேயிருந்த டீக்கடைக்குப் போனோம். கடையில் இருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். டீ ஆற்றிக்கொண்டே எங்கள் கதையைக் கேட்டாள்.

"மழை வரப் போகுது, சாமி. காரவள்ளி வழியாவே போயிருங்க" என்றாள்.

"அதில் எழுபது வளைவு இருக்கிறதாமே, அம்மா?" என்றேன்.

"எழுபது இருந்தா என்ன கண்ணு? பஸ்ஸும் லாரியும் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கும். வண்டி நின்னுபோச்சுன்னா ஆள் தொணை இருக்கும். அந்தப் பக்கத்து வழியும் நல்ல வழிதான், இல்லைங்கல. புது ஆளுங்க, வயசானவங்க இருக்கீங்க, இருட்டுல எதுக்கு?"

ஆள் துணை! கைபேசியில் நிமிஷக் கணக்கு இருந்தது. கிலோமீட்டர்க் கணக்கு இருந்தது. சுங்கச் சாவடி, பெட்ரோல் கடை, பலகாரக் கடை எல்லாம் இருந்தன. அந்தப் பாதையில் இரவு ஏழு மணிக்கு நாலு மனிதர் நடமாட்டம் இருக்குமா என்பது மட்டும் எந்தத் திரையிலும் இல்லை. பெண்பிள்ளைகளாகிய நமக்கு வழி கேட்கும்போது முதலில் தோன்றும் கேள்வியே அதுதானே? வரைபடம் வரைகிற புண்ணியவான்கள் அதையும் ஒரு வர்ணம் பூசிக் காட்டினால் எத்தனையோ பேர் வாழ்த்துவார்கள். இந்த யந்திரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 ஜூலையில் கூகிள் நிறுவனத்தார் சென்னை, கோயமுத்தூர் உள்பட எட்டு நகரங்களில், நான்கு சக்கர வண்டி நுழைய முடியாத குறுகிய சந்துகளைத் தவிர்த்து வழி சொல்ல ஏற்பாடு செய்வதாக அறிவித்தார்கள். மேம்பாலத்தின் மேலே ஏறுவதா, கீழே போவதா என்பதையும் முன்னதாகச் சொல்லுகிறார்கள். கத்திப்பாராவில் ஒரு தடவையாவது சுற்றியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்!

அத்தை திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்கள். "காரவள்ளி. மாப்பிள்ளை பின்னால் வந்து குழந்தையோடு உட்காரட்டும். இவள் முன்னால் உட்கார்ந்து வழி பார்க்கட்டும். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை வாயை மூடச் சொல்லுங்கள்."

மாப்பிள்ளைக்கு மாமியார் சொல் வேதவாக்கு. அடுத்த நிமிஷம் நான் முன் சீட்டில் இருந்தேன்.

முதல் வேலையாக, ஆத்தூரில் சிக்னல் நன்றாக இருக்கும்போதே, கொல்லிமலைப் பகுதியின் வரைபடம் முழுவதையும் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டேன். இதற்குக் காசு கிடையாது. வீட்டிலேயே புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, ஊறுகாய் ஜாடியை மூடி கட்டி வைக்கிறோமே, அந்த நேரத்திலேயே செய்துவிடலாம். கால்படி அரிசிக் குடித்தனக்காரியும் அன்றைக்கு ஒரு மூட்டை வாங்கி வைத்தாற்போல் ஆகிவிடும். நெரிசல் சமாசாரம் மட்டும் சிக்னல் இல்லாதபோது வராது. மலை மேல் நமக்கு எந்த நெரிசல்!

இரண்டாவது, கைபேசியின் குரலை அடக்கிவிட்டு வண்டி மங்கையை மட்டும் பேசவிட்டேன். காரவள்ளி அவளுக்குத் தெரிந்த வழி அல்லவா? கைபேசி என் கையில் படமாக மட்டும் இருந்தது. வண்டி ஓட்டுகிறவர் கைபேசியைக் கையில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். வழி பார்ப்பதற்கு மாத்திரம், கவனம் சிதறாமல் உபயோகிக்கலாம் என்று 2020 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். கவனம் சிதறாமல் எப்படி? நடு வளைவில் உங்கள் ஓரகத்தி டெலிபோன் செய்தால் வரைபடம் மறைந்து அவள் முகம் வருகிறதே! புது வண்டிகளில் கைபேசியின் வரைபடத்தையே வண்டித் திரையில் பெரிதாகக் காட்டும் வசதி இருக்கிறது. 'ஆண்ட்ராய்டு ஆட்டோ', 'கார்ப்ளே' என்று பெயர். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கிற மாதிரி. அமைந்தால் சொர்க்கம். நூல் தளர்ந்தால், அதாவது இணைப்புக் கம்பி தளர்ந்தால், நட்ட நடு ரஸ்தாவில் திரை இருண்டு போகும்.

ராசிபுரம் தாண்டிப் பேளுக்குறிச்சி. மளிகைச் சாமான்களுக்குப் பேர்போன சந்தை கூடுகிற ஊர். வருஷத்துக்கு வேண்டிய மஞ்சள், சீரகம், வெந்தயம் எல்லாம் இங்கே வந்து அள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாத்தனாருக்கு இறங்க ஆசை. மழைத் தூறல் இறங்கவிடவில்லை. காரவள்ளியை அடைந்தபோது வெளிச்சம் கொஞ்சம்தான் பாக்கி.

வளைவுகள் ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று... பலகையைப் பார்த்துப் பையன் உரக்க எண்ணினான். இருபதுக்கு மேல் கைபேசியில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அப்புறம் போயே போய்விட்டது. இறக்கி வைத்த படம் கைகொடுத்தது. நீலப் புள்ளி வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருந்தது. நாற்பதாவது வளைவுக்கு மேல் மூடுபனி. கண்ணாடிக்கு வெளியே பத்து கஜம்தான் தெரிந்தது. "அடுத்து வலது பக்கம், கூர்மையான வளைவு" என்று படத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, இவர் மறு வார்த்தை பேசாமல் திருப்பினார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இது முதல் தடவை. எதிரே ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு அசைந்து அசைந்து இறங்கி வந்தது. அதைப் பார்த்ததும் அத்தை, "டீக்கடைக்காரி மகராசியாக இருக்கட்டும்" என்றார்கள். குழந்தை எலுமிச்சம் பழத்தை முகர்ந்துகொண்டே தூங்கிப் போயிருந்தது.

எழுபது! சோளக்காடு வழியாகச் செம்மேட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மறு நாள் காலையில் மலையைப் பார்க்க வேண்டுமே! பனி விலகி, பலா மரங்களும் மிளகுக் கொடிகளும் அன்னாசித் தோட்டங்களும் கழுவி விட்டாற்போல் இருந்தன. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று சங்கப் புலவர் பாடிய வள்ளல். பையனுக்கு அதில் ஒரே சந்தோஷம். அறப்பளீசுவரர் கோயிலில் தரிசனம் செய்துகொண்டு, அத்தையை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்குக் குறையாமல் இறங்கினோம். ஏறி வந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இந்த மலையில்தான் 'கொல்லிப்பாவை' இருந்ததாகச் சங்கப் பாட்டுக்கள் சொல்லுகின்றன. தெய்வம் செய்து நிறுத்திய பெண் உருவமாம். சிரித்து மயக்கித் தன்னிடம் இழுத்துவிடுமாம். காற்று அடித்தாலும் இடி இடித்தாலும் அழகு குன்றாதாம். என் நாத்தனார் கணவர் கைபேசியைத் தடவிக்கொண்டே இந்தக் கதையைக் கேட்டார். அப்போது நாங்கள் பெண்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதற்கு அவருக்கு அர்த்தம் புரியவில்லை.

திரும்பும்போது நல்ல வெயில். மணி பத்துதான். "இப்போது போகலாமே அந்த முள்ளுக்குறிச்சிப் பாதையில்?" என்று நானே சொன்னேன். ஓட்டலில் விசாரித்தேன், ரஸ்தா சரியாக இருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. கைபேசி மங்கைக்குக் குரல் திரும்பக் கிடைத்தது. அவள் சொன்ன வழி அழகான வழிதான். இருபுறமும் காடு, எதிரே வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் ஓர் இடத்திலும் தப்புச் சொல்லவில்லை என்பதை அவள் எஜமானருக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

வண்டித் திரையில் நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் பழைய வரைபடத்தில் அந்தப் பாதையே கிடையாதல்லவா? திரை முழுவதும் பச்சை. நடுவில் எங்கள் வண்டி மட்டும் அம்புக்குறியாக, ரஸ்தா இல்லாத காட்டின் மேல் பட்சி போலப் பறந்துகொண்டிருந்தது. வண்டி மங்கை பதறிப் போனாள். "கூடிய சீக்கிரம் திரும்பி வரவும்... கூடிய சீக்கிரம் திரும்பி வரவும்" என்று இங்கிலீஷில் கெஞ்சத் தொடங்கினாள். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, அடிவாரம் வரையில்.

"என்னடா சொல்லுகிறாள் அவள்?" என்று அத்தை கேட்டார்கள்.

"நாம் வழி தப்பிக் காட்டுக்குள் போய்விட்டோமாம் பாட்டி, திரும்பி வரச் சொல்லுகிறாள்" என்றான் பையன்.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "ஐயோ பாவம்! நாம் பத்திரமாகத்தான் இருக்கிறோம் என்று யாராவது அவளிடம் சொல்லுங்களேன்" என்றார்கள்.